ஓட்டுப் பெட்டியின் கதை – 9
வடக்கெல்லைக்காரர்களின் மூன்று ஓட்டுகள்

சென்ற இதழில் 1952ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலைப் பார்த்தோம். சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லாத நிலையில், தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். அந்த ஆட்டத்தை கோட்டைக்குள்ளிருந்து பார்த்தாயிற்று. இந்த வாரம் சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டி வரும் ஓர் ஊரிலிருந்து பார்ப்போம்.

திருவாலங்காடு. காரைக்கால் அம்மையாரும் இரத்தின சபையும் பக்தர்களுக்குத் தெரியும். 1905இல் இங்கே கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதும் இங்கேதான் என்பது கரும்பு விவசாயிகளுக்குத் தெரியும். இந்த ஊரின் தேர்தல் கதை மட்டும் அதிகம் பேசப்படவில்லை. வீடு மாறாமல், ஊர் மாறாமல், பத்தே ஆண்டுகளில் மாநிலம் விட்டு மாநிலம் மாறி ஓட்டுப் போட்டவர்கள் இவர்கள்.

மாநிலம் மாறிய வாக்காளர்கள்

1952 ஜனவரியில் திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது. ஆக, மற்றத் தமிழர்களைப் போலவே இவர்களும் சென்னை சட்டசபைக்கும் டெல்லிக்கும் வாக்களித்தார்கள். அன்றைய முறையில் முத்திரை குத்தும் வேலை இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவரவர் சின்னம். கையில் கொடுத்த சீட்டை மறைவுக்குப் போய் வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். வாக்களிக்கும் வயது 21.

அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் தனி மாநிலமானது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் போனது. திருத்தணியும் திருவாலங்காடும் அத்தோடு போயின. ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் இறங்கிய வடக்கெல்லைப் போராட்டம் இந்த இடத்தில்தான் சூடுபிடித்தது. மங்கலங்கிழார் போன்ற உள்ளூர்த் தமிழாசிரியர்கள் மூட்டிய தீயை ம.பொ.சி. சென்னை வரை கொண்டுபோனார். சிறை, மறியல், மாநாடு என்று அந்தக் கதை நீளும். நமக்கு வேண்டியது அந்த ஆண்டுகளில் இந்த மக்கள் யாருக்கு, எங்கே ஓட்டுப் போட்டார்கள் என்பது.

1955 பிப்ரவரியில் ஆந்திர சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. எல்லைப் பிரச்சினை முடியாத நிலையிலும் திருத்தணி வட்டாரம் அதில் வாக்களித்தது. அடுத்த ஆண்டு தெலங்கானா சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. 1957 பொதுத்தேர்தலில் ஒரு விசித்திரம். 1955இல் ஆந்திரப் பகுதியில் ஜெயித்த எம்.எல்.ஏ.க்களே 1962 வரை தொடரலாம் என்று முடிவானதால், அந்த ஆண்டு தெலங்கானாவில் மட்டும்தான் சட்டமன்றத் தேர்தல். பக்கத்துத் திருவள்ளூரில் இருந்தவர்கள் மக்களவைக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க, திருவாலங்காட்டுக்காரர்களுக்கு மக்களவை ஓட்டு மட்டுமே. திமுக முதன்முதலாகக் களமிறங்கி 15 இடங்களைப் பிடித்த அந்தத் தேர்தலை இவர்கள் எல்லைக்கு அப்பால் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள்.

படாஸ்கர் ஆணையத்தின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி அதற்கு ஈடாக ஆந்திரத்துக்குப் போனது. நிலத்தோடு ஒரு எம்.எல்.ஏ. இடமும் வந்து சேர்ந்தது. 205 பேர் இருந்த சென்னை சட்டப்பேரவையில் எண்ணிக்கை 206 ஆனது.

1962இல் இவர்கள் மறுபடியும் சென்னை மாநில வாக்காளர்கள். 1952இல் சென்னை, 1955இல் ஆந்திரம், 1957இல் ஆந்திரப் பிரதேசம், 1962இல் திரும்பவும் சென்னை. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு என்று மாறியது வேறு கதை.

அலையும் எதிர்நீச்சலும்

1967 தேர்தலை எல்லோரும் ஒரே வரியில் சொல்வார்கள்: காங்கிரஸ் வீழ்ந்தது, திமுக எழுந்தது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 234இல் திமுகவுக்கு மட்டும் 137. மக்களவையில் 39க்கு 25. காங்கிரசுக்கு மூன்றே மூன்று. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டு வித்தியாசத்தில் பெ.சீனிவாசனிடம் தோற்றார். வாக்குப்பதிவு 76 சதவீதத்துக்கும் மேல்.

திருத்தணி அந்த அலையில் அடித்துச் செல்லப்படவில்லை. எல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி.யின் தளபதியாக நின்ற கே.விநாயகம் அங்கே காங்கிரஸ் வேட்பாளராக நின்று ஜெயித்தார். தலைவர் ம.பொ.சி.யோ அதே தேர்தலில் திமுக அணிக்கு வந்து தியாகராய நகரில் வென்றார். ஒரே போராட்டத்தில் தோளோடு தோள் நின்ற இருவர் பேரவையில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஊரைச் சேர்த்துக் கொடுத்தவர் என்ற கணக்கைத் தீர்க்கும்போது வடக்கெல்லைக்காரர்கள் கட்சிக் கொடியைப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு இந்தத் தொகுதி பெரும்பாலும் காற்று வீசிய பக்கம் சாய்ந்தது. 1996இல் திமுகவின் இ.ஏ.பி.சிவாஜி, 2001இல் பாமகவின் ஜி.ரவிராஜ், 2006இல் அதிமுகவின் கோ.அரி, 2011இல் தேமுதிகவின் அருண் சுப்பிரமணியன், 2016இல் அதிமுகவின் பி.எம்.நரசிம்மன், 2021இல் திமுகவின் எஸ்.சந்திரன். ஆறு தேர்தல், நான்கு கட்சிகள். இதில் 2006ஐத் தவிர மற்ற ஐந்திலும் வென்ற அணியே கோட்டையில் ஆட்சி அமைத்தது. 2001இல் பாமகவும் 2011இல் தேமுதிகவும் அதிமுக அணியில் இருந்தவை. 2011இல் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் கும்மிடிப்பூண்டியும் தேமுதிகவுக்கே போனது. சிப்காட் தொழிற்சாலைகளின் சைரனுக்குக் கண்விழிக்கும் தொகுதியும், கரும்பு வண்டி போகும் தொகுதியும் தேமுதிகவின் ஒரே முரசுச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டன. இரண்டு இடத்திலும் வேட்பாளரைவிடக் கூட்டணியே வேலை செய்தது.

பாமகவின் கதைக்கு வேர் பழையது. வட மாவட்டங்களில் வன்னியர் வாக்குகளைத் திரட்டும் முயற்சிக்கு முதல் பொதுத்தேர்தலின் வயதுண்டு. 1952இல் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி ஆறு இடங்களிலும், உழைப்பாளர் கட்சி 19 இடங்களிலும் வென்று ராஜாஜியின் கணக்கையே மாற்றின. 1989இல் பிறந்த பாமக அந்தக் கணக்கைப் புதுப்பித்தது. 2004இல் அரக்கோணத்திலிருந்து டெல்லி போன பாமகவின் ஆர்.வேலு ரயில்வே இணையமைச்சரானார்.

ஐந்து மாதத்தில் மனம் மாறிய மாநிலம்

டெல்லிக்கு ஒரு கை, கோட்டைக்கு ஒரு கை என்ற பழக்கம் தமிழ்நாட்டில் எப்போது ஊன்றியது? 1967, 1971 இரண்டிலும் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒன்றாகவே தேர்தல் நடந்தது. முடிவும் ஒரே திசையில் இருந்தது. நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977இல் தேதிகள் பிரிந்தன. பிரிந்தபிறகு மனமும் பிரிந்தது.

1980 இதற்குச் சரியான சாட்சி. ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் திமுக–இந்திரா காங்கிரஸ் அணிக்கு 39இல் 37. ஆட்சியில் இருந்த எம்.ஜி.ஆரின் அதிமுகவுக்கு கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். அரக்கோணத்திலும் இந்திரா காங்கிரசின் ஏ.எம்.வேலு வென்றார். மக்கள் நம்பிக்கையை இழந்துவிட்டார் என்று சொல்லி பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியை டெல்லி கலைத்தது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அதே திமுக, அதே காங்கிரஸ், அதே கூட்டணி. அதிமுக 129 இடங்களைப் பிடித்து மீண்டும் ஆட்சியில் அமர்ந்தது.

கூட்டணிக் கணக்கால் இதை விளக்க முடியாது, எதிரணி ஜனவரியில் இருந்தபடியே மேயிலும் இருந்தது. நடுவில் நடந்தவை மூன்று. பிற்படுத்தப்பட்டோர் சலுகைக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்த ஆணையை எம்.ஜி.ஆர். திரும்பப் பெற்று, அவர்களுக்கான ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். ஆட்சிக் கலைப்பு அவர்மேல் அனுதாபத்தைக் கொண்டுவந்தது. திமுகவும் காங்கிரசும் ஏறத்தாழச் சரிபாதியாகத் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டதில், ஜெயித்தால் யார் கை ஓங்கும் என்ற கேள்வி எழுந்தது.

1989 இன்னும் வேகமானது. ஜனவரியில் சட்டமன்றத்தில் திமுகவுக்கு 150 இடங்கள். நவம்பரில் மக்களவையில் அதே திமுகவுக்குப் பூஜ்யம்! காங்கிரஸ் 27, அதிமுக 11, நாகப்பட்டினத்தில் மட்டும் இந்தியக் கம்யூனிஸ்ட். இங்கே கணக்கு வேறு. ஜனவரியில் ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிளந்து கிடந்த அதிமுக, பிறகு ஒன்றாகி காங்கிரசுடனும் சேர்ந்தது. வாக்களிக்கும் வயது 18 ஆன பிறகு வந்த முதல் பொதுத்தேர்தலும் அதுதான்.

ஒரே நாளில், ஒரே பூத்தில், பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் மனம் பிரிந்ததும் உண்டு. 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். திருத்தணியை ஒட்டிய சோளிங்கரும் அதில் ஒன்று. இரண்டுமே அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்குள் இருப்பவை. அரக்கோணம் எம்.பி.யாக திமுகவின் ஜெகத்ரட்சகன் வென்றார். சோளிங்கர் எம்.எல்.ஏ.வாக அதிமுகவின் ஜி.சம்பத்து வென்றார். மாநிலம் முழுக்க திமுக அணி 39இல் 38ஐ வாரிக்கொண்ட அந்தச் சமயத்தில், மே மாதம் நடந்த நான்கையும் சேர்த்து 22 இடைத்தேர்தல்களில் அதிமுக ஒன்பதை மீட்டு எடப்பாடி பழனிசாமியின் ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. டெல்லியில் மோடி வேண்டாம் என்றவர்களில் ஒரு பகுதியினர் கோட்டையில் ஆட்சி கவிழவும் வேண்டாம் என்றார்கள்.

மூன்றாவது ஓட்டு

இதுவரை சொன்னவை இரண்டு ஓட்டுகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கும் முன்பாகவே, கூப்பிட்டுக் கொடுக்கப்பட்டவை. மூன்றாவது ஓட்டு ஊராட்சிக்கானது. அதன் கதை காத்திருப்பின் கதை.

காமராஜர் ஆட்சியில் வந்த 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் பழைய ஜில்லா போர்டுகளை ஓரங்கட்டி ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கியது. பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு, ஊர்ச்சாலை எல்லாம் ஒன்றிய சேர்மன் கைக்கு வந்தன. சேர்மன் பதவி எம்.எல்.ஏ. ஆவதற்கான முதல் படி. 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது எப்போது? 1986இல்! இடையில் நான்கு மக்களவைத் தேர்தலும் நான்கு சட்டமன்றத் தேர்தலும் வந்து போய்விட்டன. 1970இல் பிறந்த குழந்தை பதினோராம் வகுப்பை எட்டும்வரை ஊருக்குப் புதிதாக ஒரு பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

ஏன் தள்ளிப்போட்டார்கள் என்பதற்கு 1986இன் முடிவே பதில். 1984 டிசம்பரில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே 132 இடங்களை வென்ற எம்.ஜி.ஆர்., பதினான்கு மாதம் கழித்து உள்ளாட்சித் தேர்தலை நடத்தினார். நகராட்சிகளில் பெரும்பாலானவற்றை திமுக பிடித்தது. ஆளுங்கட்சிக்கு உள்ளாட்சித் தேர்தல் எவ்வளவு சங்கடமான தேர்வு என்பது எல்லாத் தலைவர்களுக்கும் புரிந்தது.

1991இல் அந்தப் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் இடைவெளி. அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், தனி மாநிலத் தேர்தல் ஆணையமும் வந்த பிறகே 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதன்பிறகு 2001, 2006, 2011 என ஒழுங்காக ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நான்குமே அக்டோபர் மாதம். சட்டமன்றத் தேர்தல் முடிந்த ஐந்தே மாதத்தில், புது ஆட்சியின் தேன்நிலவு முடிவதற்குள் நடந்தவை. நான்கிலும் ஆளுங்கட்சியின் கையே ஓங்கியது. 2011இல் அன்றிருந்த பத்து மாநகராட்சிகளின் மேயர் பதவிகளையும் அதிமுக அள்ளியது. 1986 கற்றுக்கொடுத்த பாடத்தை இரண்டு கட்சிகளும் மறக்கவில்லை.

2016இல் அந்தச் சங்கிலி அறுந்தது. அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு உள்ளிட்ட குறைகளைச் சுட்டி அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வேட்புமனு தாக்கல் முடிந்திருந்த சமயம் அது. அதன்பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகள் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று சொல்லி மத்திய அரசு மானியத்தை நிறுத்தி வைத்தது. தெரு விளக்கு பல்பு மாற்றவும் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.வைப் பார்க்க வேண்டிய காலம்.

நான்கு நிறச் சீட்டுகள்

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாக ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. திருவள்ளூர் மாவட்டம் முதல் பட்டியலிலேயே இருந்தது. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் தொடங்கி திருவாலங்காடு, பள்ளிப்பட்டு வரை அதற்கு 14 ஒன்றியங்கள்.

இந்தத் தேர்தலில் மின்னணு இயந்திரம் கிடையாது. வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் இல்லை, சுயேச்சைச் சின்னங்கள்தான். மற்ற இரண்டில் சூரியனும் இலையும் வரும். பங்காளிக்கு இளஞ்சிவப்பில் ஒரு குத்து, கட்சிக்குப் பச்சையில் ஒரு குத்து என்று தட்டி அடைப்புக்குள்ளேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். நான்கையும் மடித்து ஒரே பெட்டியில் போட வேண்டும். எண்ணும் நாளில் அந்த வசதிக்கு விலை உண்டு. பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளைப் பிரித்து, நிறம் நிறமாக அடுக்கிக் கட்டுக் கட்டிய பிறகுதான் எண்ணிக்கையே தொடங்கும். 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை பல ஒன்றியங்களில் விடிய விடிய ஓடி மறுநாளும் நீண்டது.

முடிவு? ஏழு மாதத்துக்கு முன்பு 39இல் ஒன்றை மட்டும் பிடித்த அதிமுக, கிராமங்களில் திமுகவுக்கு ஈடுகொடுத்தது. ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் இடங்களில் திமுக முந்தியது. ஆனால் துரத்தித் தொடும் தூரத்தில்தான். மக்களவையில் ஒரு பக்கம் சாய்ந்த தராசு ஊருக்குள் ஏறத்தாழச் சமமாக நின்றது.

இந்தத் தேர்தலில்தான் பெண்களுக்குப் பாதி இடம் என்ற 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இடம் கிடைத்தவர்களுக்கு நாற்காலி கிடைத்ததா என்பது வேறு கேள்வி. கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண். 2020 சுதந்திர தினத்தில் அவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்ததும் ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நிற்க, ஊராட்சித் தலைவர் கொடியேற்றினார். ஒதுக்கீடு தந்த பதவியை ஊருக்குள் செல்லுபடியாக்க ஆட்சியர் வர வேண்டியிருந்தது.

பிறகு 2021 சட்டமன்றத் தேர்தலில் திருவள்ளூர் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் திமுக அணி வென்றது. 2024இல் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் காங்கிரசின் சசிகாந்த் செந்தில் 5.7 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே பெரிய வித்தியாசம் அது. அரக்கோணத்தில் ஜெகத்ரட்சகன் மீண்டும் வென்றார். 2008 மறுவரையறையில் திருத்தணி வட்டம் திருத்தணி, திருவள்ளூர் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரிக்கப்பட்டதால், திருவாலங்காடு ஒன்றியத்தில் ஒரு கிராமத்தார் அரக்கோணம் எம்.பி.யிடமும் அடுத்த கிராமத்தார் திருவள்ளூர் எம்.பி.யிடமும் மனுக் கொடுக்கிறார்கள். முன்பு மாநில எல்லை ஓடிய இடத்துக்குப் பக்கத்தில் இப்போது தொகுதி எல்லை ஓடுகிறது.

2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிப்பு வராததால் ஊராட்சிகளின் பொறுப்பு மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது. 2016இல் அதிமுக ஆட்சி. 2025இல் திமுக ஆட்சி. சொன்ன காரணங்கள் வேறு, பூட்டப்பட்ட பிரசிடெண்ட் அறை ஒன்றுதான்.

1970க்கும் 1986க்கும் இடையில் ஊராட்சிகளை உண்மையில் நடத்தியவர்கள் யார்? தேர்தலே நடக்காத அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஒன்றிய அலுவலகங்கள் எப்படி இயங்கின, 1986இல் எம்.ஜி.ஆரின் கணக்கு எங்கே தப்பியது என்பதை அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)